1966 கார்வெட்டா, 1978 ஃபெராரி 308 ஜிடிஎஸ்ஸா? வாங்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

நீலவண்டி:
கலிஃபோர்னியாவுல இருக்கேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறது இதுதான் முதல் தடவை. ரெண்டு வண்டி மனசுல நிக்குது. ஒண்ணு 1966 கார்வெட் ஸ்டிங் ரே கூபே, 327 கன அங்குல எஞ்சின், நாலு கியர். நம்பர் மேட்சிங் (அதாவது வண்டியோட வந்த அதே எஞ்சின்), 350 குதிரைத்திறன்னு விக்கிறவர் சொல்றார். இன்னொண்ணு 1978 ஃபெராரி 308 ஜிடிஎஸ். ஓட்டிப் பார்த்தப்போ ரெண்டாவது கியர் விழவே இல்லை. கியர்பாக்ஸ் போயிடுச்சா? வாரக்கடைசியில ஓட்டணும், ரொம்ப வருஷம் வச்சுக்கணும். எது சரி?

பழையஇரும்பு:
தம்பி, அந்தக் காலத்து ஃபெராரியில எண்ணெய் சூடாகுற வரைக்கும் ரெண்டாவது கியர் அடம்பிடிக்கும். ஒண்ணுலேர்ந்து நேரா மூணுக்குப் போவாங்க. நல்லா சூடான பிறகும் கரகரன்னு உரசினா சிங்க்ரோ (கியர் உரசாம விழ வைக்குற வளையம்) தேய்ஞ்சிருக்கு, அதுதான் செலவு.

308-ல நான் முதல்ல கேக்குறது டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்துல இயக்குற பெல்ட்) மாத்தின ரசீது. மைல் கணக்குப் பார்க்காதீங்க, வருஷக் கணக்கைப் பாருங்க. வண்டி சும்மா நின்னாலும் பெல்ட் வயசாகும். அது அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதிடும். ரசீதுக் கட்டு இல்லாத இத்தாலிய வண்டியை, எவ்வளவு பளபளப்பா இருந்தாலும், தொடாதீங்க.

இன்னொண்ணு, கலிஃபோர்னியாவுல பழைய வண்டிகள்ல 1975 மாடல் வரைக்கும்தான் ஸ்மாக் டெஸ்ட், அதாவது புகைப் பரிசோதனை, விலக்கு. 1978 வண்டி ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாஸாகணும்.

கார்வெட்டுக்கு எஞ்சின் முத்திரையைப் பாருங்க. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னாடி, பிளாக் மேல சின்னதா ஒரு தட்டையான இடம் இருக்கும், எண்ணை அங்கேதான் அடிச்சிருப்பாங்க. துணியால அழுக்கைத் துடைச்சுட்டு டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. தொழிற்சாலையில சீவின மெல்லிய நேர்க்கோடுகள் தெரியணும். வட்ட வட்டமா உரசல் இருந்தா யாரோ தேய்ச்சு மறுபடி அடிச்சிருக்காங்க.

டொரினோ:
ரெண்டுக்கும் நடுவுல டி டொமாசோ பன்டேராவையும் யோசிங்க. இத்தாலிய உடம்பு, ஃபோர்டு 351 கிளீவ்லண்ட் எஞ்சின். 70-களின் முதல் பாதியில லிங்கன்-மெர்குரி கடைகள்லயே வித்தாங்க. அந்த வருஷத்து வண்டின்னா 1975-க்கு முந்தினது, அதனால ஸ்மாக் தொல்லை இல்லை. துருவும் சூடாகுறதும்தான் பிரச்சினை.

நீலவண்டி:
பன்டேரா அழகுதான், ஆனா துருவோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. கார்வெட்டைப் பார்த்துட்டு வந்தேன். கோடுகள் நேராத்தான் இருக்கு. அங்கே அடிச்ச கடைசி ஆறு இலக்கமும் கையுறைப் பெட்டிக்குக் கீழே இருக்குற வண்டி எண் தகட்டோட ஒத்துப்போகுது. எஞ்சின் எண் முடியுற எழுத்து எச்.இ. (HE). சரியா?

பழையஇரும்பு:
வண்டி நேர்மையானது, சொன்ன பேச்சுதான் தப்பு. 1966-ல எச்.இ.ன்னா 300 குதிரைத்திறன். 350-க்கு HT மாதிரி வேற எழுத்து வரணும். வாரக்கடைசி ஓட்டத்துக்கு 300 எனக்கு இன்னும் பிடிக்கும், சாதுவா ஓடும். ஆனா 350-க்கான விலையைக் கொடுக்காதீங்க.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மிச்சம். மேலே ஃபைபர்கிளாஸ், துருவே வராதுன்னு நம்பாதீங்க. உள்ளே எஃகுக் கூடு இருக்கு. முன் இருக்கைக்காரர் கால் வைக்குற இடத்துப் பக்கப் பலகையைக் கழட்டி, முன்கண்ணாடித் தூணோட அடியை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பின்சக்கரத்துக்கு முன்னாடி அடிச்சட்டம் (ஃபிரேம்) மேலே வளையுற இடத்தையும் தட்டுங்க. செதில் செதிலா உதிர்ந்தா பாடியையே தூக்கணும். எஞ்சின் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் விட்டுடுங்க.

நீலவண்டி:
நன்றி அண்ணே. பலகையைக் கழட்ட விக்கிறவர் சம்மதிச்சுட்டார், சனிக்கிழமை போறேன். படத்தை இங்கேயே போடுறேன்.