68 வயது அம்மாவை இன்ஃப்ராரெட் சவுனாவுக்கு அழைத்துப் போகலாமா?

யாழ்வேம்பு (ஸ்காபரோ) எழுதியது:

வணக்கம். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு நோ கூடியிருக்கிறது. அவருக்கு 68 வயது. பிரசருக்கும் சீனி வருத்தத்துக்கும் நெடுங்காலமாகக் குளிசை எடுக்கிறார். பாதங்கள் விறைத்தது போல இருப்பதாகவும் சில நாட்களில் சொல்வார். வீட்டுக்கு அருகில் அண்மையில் திறந்த ஒரு நலவாழ்வு நிலையத்தில் இன்ஃப்ராரெட் சவுனாவுக்கான (அகச்சிவப்புக் கதிரால் உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைக்கும் சிறு அறை) பத்து அமர்வுகளைத் தங்கை அவருக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிட்டாள். ஒவ்வோர் அமர்வும் 45 நிமிடம்.

அம்மாவைக் கூட்டிப் போவதற்கு முன் எப்படி இருக்கும் என்று பார்க்க, கடந்த சனிக்கிழமை நானே ஒருமுறை உள்ளே இருந்து பார்த்தேன். அலுமாரியைச் சற்றுப் பெரிதாக்கியது போன்ற மரக் கூடு, கண்ணாடிக் கதவு, முதுகுக்குப் பின்னாலும் கெண்டைக்காலை ஒட்டியும் கறுப்புப் பேனல்கள். திரையில் 140 என்று காட்டியது, அதாவது ஃபாரன்ஹீட் கணக்கில், செல்சியசில் 60. முதல் பத்து நிமிடம் ஊர் வெக்கை போலத்தான் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் நாடியிலிருந்து வியர்வை சொட்டத் தொடங்கியது. வெளியே வந்தபோது உடம்பு இலேசானது போல இருந்ததை மறுக்க மாட்டேன்.

ஆனால் கையில் தந்த துண்டுப் பிரசுரம்தான் யோசிக்க வைத்தது. கதிர்கள் உடலுக்குள் பல அங்குல ஆழம் இறங்கும், நச்சுகள் வியர்வையில் வெளியேறும், ஓர் அமர்வில் 600 கலோரி எரியும், இதயத்துக்கு நல்லது என்று பின்லாந்து ஆய்வு நிரூபித்திருக்கிறது என்றெல்லாம் அதில் இருந்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை என் வருத்தங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். அம்மாவை அழைத்துப் போகலாமா? இவற்றில் எது மெய்? இன்னொன்று, இதைக் கேள்விப்பட்ட அண்ணா, வீட்டின் நிலவறையில் ஒரு கூடு வாங்கி வைத்தால் என்ன என்று கேட்கிறார்.

மதுரைமல்லி எழுதியது:

நான் மிசிசாகாவில் மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் முதலில் உள்ளே போய்ப் பார்த்தது நல்லது, ஆனால் உங்கள் உடம்பு தாங்கியதை வைத்து அம்மாவின் உடம்பை அளக்க வேண்டாம். பிரசுரத்தை விட்டுவிட்டு, நான் மாத்திரைகளிலிருந்து தொடங்குகிறேன்.

உடல் சூடேறும்போது தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, நிறைய ரத்தம் தோலை நோக்கிப் போகிறது. அதனால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் ரத்தக் குழாயை விரிப்பவைதான், ஆகவே இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கும், வியர்வை மீதியையும் எடுத்துக்கொள்ளும். மெட்டோப்ரோலால் வகையைச் சேர்ந்தவை என்றால் இதயம் தேவையான அளவு வேகமெடுக்க விடாது. இப்படிப்பட்டவர் பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடியில்தான் தலை சுற்றி விழுகிறார். உட்கார்ந்திருக்கும் வரை அவருக்கு ஒன்றுமே தெரியாது.

சர்க்கரைக்கு என்ன எடுக்கிறார் என்பது அதைவிட முக்கியம். இன்சுலின் போடுபவரென்றால், சூடான தோலிலிருந்து அது வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும். கிளிக்ளசைடு வகை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், படபடக்கும், தலை கிறுகிறுக்கும். சவுனாவுக்குள் இருப்பவருக்கும் இவை எல்லாமே வரும் என்பதால், எதனால் வந்தது என்று அவருக்கே புரியாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரின் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவதால் நீர்ச்சத்தும் உடன் குறையும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது நீங்கள் போகிற போக்கில் சொன்ன பாத விறைப்பு. நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் சூடு உறைக்காது. கெண்டைக்காலை ஒட்டியிருந்தது என்று நீங்கள் சொன்ன அந்தப் பேனலில் கால் படிந்து தோல் வெந்தாலும், மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியவரும். நீரிழிவுக்காரரின் காலில் வரும் புண் எவ்வளவு நாள் இழுக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, குடும்ப மருத்துவர் மாத்திரைப் பட்டியலையும் பாதங்களையும் பார்க்காமல் அம்மா உள்ளே போக வேண்டாம். அவர் சம்மதித்தால், குறைந்த சூட்டில், 45 டிகிரி செல்சியஸ் அளவில், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, சர்க்கரை பார்த்துவிட்டு, கூடவே நீங்களும் இருக்கும்படி போங்கள். கால்களைப் பேனலிலிருந்து தள்ளி, தடித்த துவாலையின் மேல் வைக்கச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் அங்கேயே உட்கார்ந்த பின் எழுந்திருக்கட்டும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை ஏதும் இருந்தால் போகவே கூடாது. ஃபென்டனில் போன்ற வலி மருந்துப் பட்டை சூட்டில் அளவுக்கு மீறி மருந்தை உள்ளே விட்டுவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும் வேண்டாம்.

இனி பிரசுரத்துக்கு வருகிறேன். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர், மீதியில் அதிகம் உப்பு. உடலின் கழிவுகளை அகற்றும் வேலையைச் செய்வன கல்லீரலும் சிறுநீரகமும்தான். வியர்வையில் யூரியாவோ உலோகத் துணுக்கோ மிகச் சிறிதளவு இருப்பதால் அது கழிவுக் குழாய் ஆகிவிடாது. தண்ணீர் குடிக்காமல் வியர்த்தால் அந்தச் சிறுநீரகத்துக்கே சுமை கூடும்.

600 கலோரி என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 0.58 கிலோகலோரி வெப்பம் தேவை (உணவுக் கணக்கில் கலோரி என்று சொல்வதும் இந்தக் கிலோகலோரியைத்தான்). ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் கணக்கு 600-ஐ நெருங்கிவிடும். ஆனால் அங்கே அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைத் தருவது மின்சாரம், உடம்பின் கொழுப்பு அல்ல. எடை இயந்திரத்தில் குறைந்து காட்டும் அரைக் கிலோவும் தண்ணீர்தான், இரண்டு செம்பு குடித்தால் திரும்பிவிடும்.

தம்பெரேதமிழன் எழுதியது:

நான் பின்லாந்தின் தம்பெரே நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். 1906 முதல் இயங்கிவரும் ராயாபோர்த்தி என்னும் பொதுச் சவுனா இங்கேதான் இருக்கிறது. பிரசுரங்கள் எங்கள் ஊர் ஆய்வைக் கடன் வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது.

அந்த ஆய்வு குவோப்பியோ பகுதியில், 42 முதல் 60 வயது வரையிலான 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015-ல் வெளியானது. வாரம் நான்கு முதல் ஏழு முறை சவுனாவுக்குப் போனவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது என்பது மெய்தான். ஆனால் அவர்கள் போனது கல்லடுப்புச் சவுனாவுக்கு. அங்கே காற்றின் வெப்பமே 80 டிகிரி அளவில் இருக்கும், கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவி காதுமடலைச் சுடும். இங்கே அதற்கு லோய்லு என்று பெயர். அது இல்லாததைச் சவுனா என்று சொல்லவே என் மாமனார் ஒப்புக்கொள்ள மாட்டார். மேலும் அது யாரையும் எதுவும் செய்யச் சொல்லாமல், அவரவர் வழக்கத்தைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வு. உடல்நலம் உள்ளவர்களே அடிக்கடி போயிருக்கவும் கூடும். எனவே அதிலிருந்து இன்ஃப்ராரெட் கூட்டுக்கு எதையும் நிரூபித்துக் காட்ட முடியாது.

இன்ஃப்ராரெட் முறைக்கென்றே நடந்த பணி ஜப்பானில் உண்டு. ககோஷிமாவில் பேராசிரியர் சுவா தேய் உருவாக்கிய வாஓன் சிகிச்சையில், இதயம் பலவீனமான நோயாளிகளை 60 டிகிரி அறையில் 15 நிமிடம் மட்டும் உட்காரவைத்து, பிறகு 30 நிமிடம் போர்வை போர்த்திப் படுக்கவைத்து, இழந்த அளவு தண்ணீரைக் கொடுப்பார்கள். அது மருத்துவமனையில், கண்காணிப்பில் நடப்பது. 2016-ல் வெளியான பல மருத்துவமனைகள் சேர்ந்த சோதனையில் நோயாளிகள் நடக்கும் தூரம் போன்ற சில அளவுகள் மேம்பட்டன. ஆனால் முதன்மையாகப் பார்த்த ரத்த அளவீட்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோயாளிக்கே 15 நிமிடம் போதுமென்றால், பரிசுச் சீட்டில் 45 நிமிடம் எங்கிருந்து வந்தது?

மூட்டு வலிக்கு நெதர்லாந்தில் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு நடந்தது. முடக்குவாதம் உள்ளவர்கள் 17 பேர், முதுகெலும்பு இறுகும் நோய் உள்ளவர்கள் 17 பேர், நான்கு வாரங்களில் எட்டு அமர்வுகள். உள்ளே இருக்கும்போது வலியும் விறைப்பும் தெளிவாகக் குறைந்தன. நான்கு வாரக் கணக்கில் பார்த்தபோது முன்னேற்றம் புள்ளியியல் அளவில் நிலைக்கவில்லை. அம்மாவுக்கு இருப்பது முழங்கால் தேய்மானம் என்றால் அது வேறு நோய், ஆனாலும் எதிர்பார்ப்பை ஏறக்குறைய இந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பல அங்குல ஆழம் என்பதும் தவறு. இந்தப் பேனல்கள் விடுவது பெரும்பாலும் தொலை அகச்சிவப்புக் கதிர். தோலிலுள்ள நீர் அதை ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடும்; அங்கிருந்து சூட்டை உள்ளே எடுத்துச் செல்வது ரத்தம்.

இரவுப்பணி எழுதியது:

மேலே சொன்ன மயக்கம் எனக்கு 34 வயதில், எந்த மாத்திரையும் எடுக்காத காலத்தில் நேர்ந்தது. இரவுப் பணி முடிந்து, காலையில் வெறும் வயிற்றில், இரண்டு காப்பியோடு போய் 40 நிமிடம் உட்கார்ந்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டக் குனிந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தரை ஓட்டின் குளிர்ச்சி. புருவத்தில் நான்கு தையல். அந்த நிலையத்தில் அறைக்குள் அழைப்பு மணிகூட இருக்கவில்லை. நீங்கள் போகுமிடத்தில் மணி இருக்கிறதா, கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா என்று பாருங்கள்.

மின்கம்பிச்சித்தர் எழுதியது:

அண்ணாவின் நிலவறைத் திட்டத்துக்கு மட்டும் ஒரு மின்பணியாளனாகப் பதில் சொல்கிறேன். கனடாவில் சாதாரணச் சுவர்ச் செருகி 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1,800 வாட் என்றாலும், தொடர்ந்து ஓடும் சுமைக்கு எண்பது விழுக்காடு, அதாவது 1,440 வாட் என்றே கணக்கு வைக்க வேண்டும். இருவர் அமரும் கூடுகள் பல இதைத் தாண்டும். அவற்றுக்குத் தனி மின்சுற்று வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் மாட்டியதால் செருகி உருகிக் கறுத்திருந்ததை நானே மூன்று வீடுகளில் கழற்றியிருக்கிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவதற்கு முன், அதன் தகட்டில் சிஎஸ்ஏ போன்ற கனடா ஏற்கும் முத்திரை உள்ளதா என்று அண்ணா பார்க்கட்டும். முத்திரை இல்லாததற்கு நான் கம்பி இழுத்துத் தருவதில்லை.

யாழ்வேம்பு (ஸ்காபரோ) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மல்லி அக்கா சொன்னபடி நேற்று அம்மாவைக் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அம்லோடிபின், நீர்க் குளிசை, மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு ஆகிய நான்கும் பட்டியலில் இருந்தன. மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதங்களைத் தொட்டுச் சோதித்தார். இடது பெருவிரலிலும் அதன் கீழிலும் தொட்டது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. சவுனா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முழங்காலுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியே நிலையான பலன் தரும் என்று பிசியோதெரபிக்கு எழுதித் தந்திருக்கிறார்.

"உந்த வெக்கைக்குக் காசு குடுக்கிறதுக்கு, ஊரிலை முத்தத்திலை பாயைப் போட்டு இருந்திருக்கலாம்" என்பது அம்மாவின் தீர்ப்பு. பத்துச் சீட்டில் மீதி ஒன்பதை நானும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளப் போகிறோம், 15 நிமிடக் கணக்கில், இருவரும் ஒன்றாக. அழைப்பு மணியைப் பற்றி நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா இன்னும் விலைப்பட்டியல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.