இடுப்பில் உறுத்தாத சின்ன ரிவால்வர்: 340 பிடியா, 642ஆ, கே6எஸ்ஸா?

சின்னக்கை கேட்டது:

மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வந்துவிட்டது. ரிவால்வர்தான் என்பதும் முடிவு. விரல் மூட்டு வலியால் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடிவதில்லை, அதனால் "பிஸ்டல் வாங்குங்களேன்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தினமும் பத்து மணி நேரம் உடம்போடு இருக்க வேண்டும், அதில் பாதி நேரம் நாற்காலியில். பார்த்து வைத்திருப்பவை: ஸ்மித் அண்ட் வெஸன் 642, 340 பிடி (PD), ரூகர் எல்சிஆர், கிம்பர் கே6எஸ். 340 பிடியைக் கையில் எடுத்தால் கனமே இல்லை, மனசு அங்கேதான் போகிறது. ஆற்றல் கூடிய .357 மேக்னம் தோட்டாவும் சுடலாம் என்கிறார்கள். எடுத்துவிடலாமா? பாக்கெட்டா, இடுப்பா?

ஐந்தறை:

340 பிடியை எடுக்காதீர்கள். கடையில் கையில் வைத்துப் பார்க்கிற ஒரு நிமிடத்துக்குத்தான் அந்த லேசு இன்பம்.

கணக்கு எளிது. ஒரே தோட்டாவைச் சுட்டால், துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். 340 பிடி சுமார் 330 கிராம், 642 சுமார் 415, எஃகில் செய்த 640 சுமார் 640 கிராம். அதாவது 640இல் உதைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு 340 பிடியில் உதைக்கும். அதுவும் மேக்னத்தை விட மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவில். அந்த எடையில் .357 மேக்னம் சுட்டால், மூட்டு வலி உள்ள கை இரண்டாவது தோட்டாவுக்கே மறுக்கும். அப்புறம் பயிற்சி நின்றுபோகும். இரண்டு அங்குலக் குழலில் மேக்னம் மருந்தின் ஒரு பகுதி வெளியே வந்துதான் எரிகிறது. தீப்பிழம்பும் சத்தமும் முழுசாகக் கிடைக்கும், வேகம் முழுசாகக் கிடைக்காது.

எல்சிஆர் .38 மாடல் சுமார் 385 கிராம்தான், 642ஐ விட லேசு. ஆனாலும் பின்புறம் முழுக்க மெத்தென்ற ரப்பர் கிரிப் (கைப்பிடி) மூடியிருப்பதால் உள்ளங்கைக்கு 642ஐ விட இதமாக இருக்கும். டிரிகரும் வழவழப்பு. அதில் ஒரு குறை உண்டு: சுட்டபின் டிரிகரை முன்னே விடும்போது, முழுவதும் திரும்புவதற்கு முன்பே ஒரு 'க்ளிக்' கேட்கும். அதை நம்பி மறுபடி இழுத்தால் அடுத்த அறை (தோட்டா இருக்கும் குழி) வராது, டிரிகர் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். விரலை முழுக்க முன்னே விட்டுப் பழக வேண்டும்.

கே6எஸ் ஆறு தோட்டா, சுமார் 650 கிராம், சிலிண்டர் (அறைகள் உள்ள சுழலும் உருளை) 35 மி.மீ. அகலம். ஜே-பிரேம், அதாவது 642, 340 பிடி, 640 போன்ற ஸ்மித்தின் சின்ன வகை, ஐந்து தோட்டா, 33 மி.மீ. இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு தோட்டா கூடுதல் என்பது நல்ல பேரம். இடுப்பில் வைப்பதாக இருந்தால் என் ஓட்டு அதற்கே. பாக்கெட்டுக்கு என்றால் 642 அல்லது எல்சிஆர்.

ஹாமர் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் எதுவும் வேண்டாம், துணியில் மாட்டும். 638 மாதிரி பாதி மூடிய ஹாமரும் உண்டு. பாக்கெட்டில் அந்தப் பிளவுக்குள் நூலும் தூசியும் சேரும்.

தோல்வார்:

எல்லோரும் எடையையே பேசுகிறீர்கள். இடுப்பில் 650 கிராம் உறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்தான். 38 மி.மீ. அகலம், முறுக்கினால் வளையாத தடிப்பு, இவை இருந்தால் எடை இடுப்பு முழுக்கப் பரவும். மெல்லிய பெல்ட்டில் 400 கிராமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும்.

சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிவது குழலோ சிலிண்டரோ அல்ல, கிரிப்பின் அடிமுனை. அதனால் முதலில் கிரிப்பைக் குட்டையாக்குங்கள், சுண்டுவிரல் அடியில் மடங்கினாலும் பரவாயில்லை. ரப்பர் துணியில் ஒட்டும், பாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது உள்துணியும் கூடவே வரும். பாக்கெட்டுக்கு மரமோ வழவழப்பான பிளாஸ்டிக்கோ. இடுப்புக்கு ரப்பர் இருக்கலாம், ஆனால் சட்டை அதில் ஒட்டி மேலேறுகிறதா என்று கண்ணாடி முன் குனிந்து பாருங்கள்.

பலர் நம்பாத ஒன்று: வயிற்றுப் பக்கம் வைப்பவர்களுக்கு மூன்று அங்குலக் குழல், இரண்டு அங்குலத்தை விட நன்றாக மறையும். பெல்ட்டுக்குக் கீழே நீளம் இருந்தால்தான் கிரிப் உடம்போடு சாயும். குட்டைக் குழலில் பெல்ட்டுக்கு மேலேதான் கனம், துப்பாக்கி வெளிப்பக்கம் கவிழும். ஆனால் உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்தக் கூடுதல் அங்குலம் தொடை மடிப்பில் குத்தும். நீங்கள் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பாருங்கள்.

பாக்கெட் என்றால் டிரிகரை முழுசாக மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. உட்கார்ந்த நிலையில் முன் பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். நாற்காலியில் பாதி நாள் என்கிறீர்கள், உங்களுக்கு அது ஒத்துவராது.

ஐந்தறை:

கடைசி வரி சரிதான், கேள்வியில் அதைக் கவனிக்கவில்லை. அப்படியானால் கே6எஸ் அல்லது 640.

சின்னக்கை:

புரிந்தது, 340 பிடியை விட்டுவிட்டேன். கே6எஸ் .357 துப்பாக்கி ஆயிற்றே, அதில் .38 மட்டுமே சுட்டால் ஏதும் கெடுமா? எந்தத் தோட்டா? பழையது ஒன்று விலைக்கு வருகிறது, என்ன பார்க்க வேண்டும்?

பட்டறை:

கெடாது. .38 கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) .357ஐ விட சுமார் 3.5 மி.மீ. குட்டை. அதனால் அறைக்குள் .38இன் வாய் நிற்கும் இடத்துக்கு முன்னால் கரி வளையம் படியும். துடைக்காமல் விட்டால் பிறகு .357 தோட்டா உள்ளே போகாமல் முரண்டும். ஒவ்வொரு முறையும் சுட்டபின் அறைகளைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

தோட்டாவுக்கு 148 கிரெயின் (குண்டின் எடை, சுமார் 9.6 கிராம்) வாட்கட்டரில் தொடங்குங்கள். மெதுவானது, குட்டைக் குழலில் வினாடிக்குச் சுமார் 200 மீட்டர், உதை மிகக் குறைவு. மூக்கு தட்டை என்பதால் அவசரத்தில் அறைக்குள் நுழைக்கச் சிரமம். அதனால் சிலிண்டரில் வாட்கட்டர், மறுநிரப்பலுக்கு உருண்டை மூக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கை பழகியபின் +பி (அழுத்தம் கூடிய தோட்டா). பழைய அலுமினிய பிரேம் துப்பாக்கிகளில் மட்டும், குழலில் +பி முத்திரையும் கையேடும் இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

லேசான துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நான்கைச் சுட்டுவிட்டு, சுடாத ஐந்தாவதை எடுத்து வெர்னியரில் நீளம் அளந்து பாருங்கள். உதையின் வேகத்தில் கேஸ் பின்னே போகும், குண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். பிடிப்புப் போதாவிட்டால் குண்டு வெளியே நீண்டு, சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

பழையதை வாங்கும்போது முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு மூடி, சிலிண்டர் மேல் பெருவிரலை லேசாக அழுத்தியபடி டிரிகரை மிக மெதுவாக இழுங்கள். ஹாமர் விழுவதற்கு முன் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒன்றில் பிந்தினாலும் டைமிங் போயிருக்கிறது என்று பொருள். உள்ளே மூடிய ஹாமர் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, காதும் விரலும்தான் துணை.

அடுத்து பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.10 முதல் 0.15 மி.மீ. நல்லது, 0.20 சமாளிக்கலாம், 0.25 தாண்டினால் வேண்டாம். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஆட்டம் கையில் உணரும் அளவுக்கு இருக்கக்கூடாது. குழலின் பின்வாயில் மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிரிகர் மிகவும் லேசாக இருந்தால் யாரோ ஸ்பிரிங் மாற்றியிருக்கலாம். பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்தில்) அடி போதாமல் வெடிக்காமல் போகும்.

எஜெக்டர் ராடு (காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் கம்பி) கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்கவே மறுக்கும். ஸ்மித்தின் இன்றைய மாடல்களில் அது இடப்புரித் திருகு. முறுக்கும்போது அறைகளில் காலிக் கேஸ்களைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் (கேஸ்களின் விளிம்பைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) முறுக்கிக்கொள்ளும்.

தோல்வார்:

அந்த நட்சத்திரத்தைப் பற்றி இன்னொன்று. குட்டைக் குழலில் ராடும் குட்டை, கேஸை முழுசாக வெளியே தள்ளாது. துப்பாக்கியைப் படுக்க வைத்து மெல்லத் தள்ளினால் ஒரு கேஸ் நழுவி நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்காரும். விரல் நகத்தால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். குழலை நேராக வானத்தைப் பார்க்க நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே அடி. சுட்டுப் பயிலும்போதே அப்படிப் பழகுங்கள்.