மியூனிக்கில் இருக்கும் அந்த மேசை யாருடையது?

கதிர்மானி:
வேறோர் இழையில் சோதனைக்குழாய் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மியூனிக் டாய்ச்செஸ் அருங்காட்சியகத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்த கருவிகளோடு ஒரு மேசை இருக்கிறது. அது வேதியியலாளர் ஓட்டோ ஹானின் மேசையாம், அதில் அவரோடு ஆய்வு செய்த இயற்பியலாளர் லீசே மைட்னர் பெயரைப் பிற்பாடு சேர்த்தது வரலாற்றைத் திரிக்கும் வேலையாம். திரித்தது யார்? 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் அதை ஹானின் வேலை மேசை என்றே காட்டினார்களே, அதற்குப் பெயர் என்ன? பெர்லினின் டாலெம் பகுதியில் இருந்த ஆய்வகத்தில் அந்தச் சோதனை ஒரே மேசையில் நடக்கவே இல்லை. யுரேனியத்தின் மீது நியூட்ரான் பாய்ச்சியது ஓர் அறையில். வேதிப் பிரிப்பு இன்னோர் அறையில். கெய்கர் கருவியில் கதிர்வீச்சை எண்ணியது மூன்றாவது அறையில். கதிரியக்கத் தூசு எண்ணும் கருவியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். மூன்று அறைச் சாமான்களையும் ஒரே பலகையில் அடுக்கி ஒருவர் பெயரை மாட்டினால் அது வரலாற்றைப் பாதுகாப்பதா?

சோதனைக்குழாய்:
அறை மூன்றோ முப்பதோ, எனக்குக் கவலையில்லை. 1938 டிசம்பரில் மைட்னர் பெர்லினில் இருந்தாரா? இல்லை. நியூட்ரான் பாய்ச்சிய யுரேனியத்தில் பேரியம் என்ற லேசான தனிமத்தைக் கண்டவர்கள் ஹானும் அவரோடு வேலை செய்த வேதியியலாளர் ஸ்ட்ராஸ்மனும். 1939 ஜனவரி 6 அன்று வந்த கட்டுரையில் இருப்பதும் அந்த இரண்டு பெயர்கள்தான். அவ்வளவுதான்.

கதிர்மானி:
ஏன் இல்லை என்பதையும் எழுதுங்கள். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் அவருடைய ஆஸ்திரியக் கடவுச்சீட்டு செல்லாமல் போனது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜூலை 13 அன்று டச்சு எல்லையைத் தாண்டித் தப்பினார், அங்கிருந்து ஸ்வீடன் போனார். விரட்டி அடித்துவிட்டு, ஆள் அங்கே இல்லையே என்று கேட்பது என்ன நியாயம்? 1934இல் இந்த யுரேனிய ஆய்வைத் தொடங்க ஹானை இழுத்து வந்ததே மைட்னர்தான். நான்கு வருட உழைப்பு. கடைசி ஐந்து மாதத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறீர்கள்.

சோதனைக்குழாய்:
விரட்டியது ஹான் இல்லை. ஆபத்துக்கு உதவும் என்று தன் அம்மாவின் வைர மோதிரத்தை மைட்னருக்குக் கொடுத்தவர் அவர். அந்த மனிதரைத் திருடன் போல எழுதுகிறீர்கள். சரி, கேள்விக்கு வாருங்கள். டிசம்பரில் இருந்தாரா இல்லையா?

நூலகவாசி:
இருவரும் ஸ்ட்ராஸ்மனை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்கிறீர்கள். பேரியத்தை அத்தனை சுத்தமாகப் பிரித்துக் காட்டிய கை அவருடையது. போர்க்காலத்தில் ஒரு யூதப் பெண்ணைத் தன் வீட்டில் மறைத்து வைத்தவர், அதற்காக இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்திருக்கிறது. மேசைக்கு ஒரு பெயர்தான் வேண்டும் என்றால் அவர் பெயரை வைக்கலாமே.

கதிர்மானி:
நூலகவாசி, அந்த ஸ்ட்ராஸ்மனே என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். எங்கள் குழுவின் சிந்தனைத் தலைமை மைட்னர்தான், ஸ்வீடனில் இருந்தபோதும் அவர் எங்களில் ஒருவர்தான் என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். 1938 நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானைச் சந்தித்து, யுரேனியத்திலிருந்து கிடைத்தது ரேடியம் என்று நீங்கள் சொல்வது சரியில்லை, மறுபடி சோதியுங்கள் என்று வற்புறுத்தியவர் மைட்னர். அதற்குப் பிறகு வந்ததுதான் உங்கள் டிசம்பர்.

சோதனைக்குழாய்:
அறிவுரை சொன்னவர்கள் பெயரையெல்லாம் மேசையில் எழுதினால் மேசை போதாது.

வடக்குத்தெரு:
ஜெர்மனிக்காரர்கள் மேசையையாவது வைத்திருக்கிறார்கள். 1942 டிசம்பர் 2 அன்று முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்த சிகாகோ மைதானத்துப் பார்வையாளர் மேடையை 1957இல் இடித்தே விட்டார்கள். இப்போது அங்கே ஒரு வெண்கலச் சிலைதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நூலகவாசி:
மேரி கியூரியின் ரேடியம் படிந்த குறிப்பேடுகளைப் பாரிஸில் ஈயப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். ரேடியத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1600 ஆண்டு. காகிதத்தையே அப்படிக் காப்பவர்களும் இருக்கிறார்கள்.

வடக்குத்தெரு:
ஆரம்பித்துவிட்டீர்களா? கியூரி இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. இங்கே வந்து ஈயப் பெட்டியைத் திறக்கிறீர்கள்.

நூலகவாசி:
பதில் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை. இடித்த மேடைக்கும் மேசைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சொல்லுங்கள்.

கதிர்மானி:
தயவுசெய்து திசை திருப்பாதீர்கள். பேரியம் வந்ததும் ஹானுக்கே அது என்னவென்று விளங்கவில்லை. டிசம்பர் 19 அன்று மைட்னருக்குத்தான் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கா மகன் ஃபிரிஷோடு ஸ்வீடனின் குங்கெல்வ் ஊரில் பனியில் நடந்தபடி கணக்குப் போட்டு, கரு இரண்டாகப் பிளக்கிறது, ஏறக்குறைய 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது என்று சொன்னவர் அவர். 1939 பிப்ரவரியில் நேச்சர் இதழில் அது வந்தது. அந்த விளக்கம் இல்லாவிட்டால் அந்த மேசை யாருக்கு வேண்டும்? 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும். 1966இல் அமெரிக்கா தன் அணு ஆய்வு விருதான ஃபெர்மி விருதை ஹான், மைட்னர், ஸ்ட்ராஸ்மன் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. அமெரிக்காவுக்குத் தெரிந்தது மியூனிக்குக்கு உறைக்க எத்தனை காலம்! மைட்னருடைய மார்பளவுச் சிலையை 1991இல்தான் அந்த அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

சோதனைக்குழாய்:
கணக்குப் போட்டது ஸ்வீடனில். மேசை இருந்தது பெர்லினில். நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

கதிர்மானி:
மேசை பெர்லினில் எங்கே இருந்தது? மூன்று அறை என்று முதல் பதிவிலேயே எழுதினேன். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் பாரஃபின் கட்டையும் எண்ணும் கருவிக்கான மின்கலங்களும் எந்த அறையில் இருந்தன? எண்ணும் கருவிகள் யாருடைய இயற்பியல் பிரிவில் உருவானவை? மைட்னருடைய பிரிவில். அவர் கருவியை மேசையில் வைத்துவிட்டு அவர் பெயரை மட்டும் வெளியே நிறுத்துகிறீர்கள்.

சோதனைக்குழாய்:
ஒவ்வோர் இழையிலும் இப்படித்தான். கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று சொல்லாமல் நாலு பக்கம் எழுதுவீர்கள். டிசம்பர்?

வடக்குத்தெரு:
அவர் நாலு பக்கம் எழுதுவது உண்மை. நீங்கள் நாலு எழுத்தைத் தாண்டாததும் உண்மை. நூலகவாசி, சிகாகோ பற்றிக் கேட்டீர்களே, தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.

நூலகவாசி:
வருகிறேன். முதலில் கியூரி இழையில் என் பதிலைப் படித்துவிட்டுத் திறங்கள்.

கதிர்மானி:
சோதனைக்குழாய், மூன்று அறைக்குப் பதில் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.