"ஸ்டோரேஜ் ஃபுல்" கேஸ்கள்: திருகோணமலையில் பார்த்ததும் செய்ததும்

மத்திய வீதி, போன் திருத்தும் கடை

"ஸ்டோரேஜ் ஃபுல்" என்று ஒருவர் போனை நீட்டினால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, நிரம்பியது போனா, கூகுள் கணக்கா என்பதைத்தான். போன் நிரம்பினால் கமரா படம் எடுக்க மறுக்கும், உடனே தெரிந்துவிடும். கணக்கு நிரம்பினால் கமரா வழமைபோல எடுத்துக்கொண்டிருக்கும், படம் மட்டும் மேலே ஏறாது. பேக்கப் நின்று மாதக்கணக்காகியிருக்கும், ஆளுக்குத் தெரியாது. போன் கடலில் விழுந்த பிறகு "எல்லாம் கூகுளில இருக்குத்தானே" என்று வருவார்கள். திறந்து பார்த்தால் கடைசியாக ஏறியது போன வருடத்துப் பொங்கல் படம்.

இலவசமாகத் தருவது 15 ஜீபி. அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே 15. 2021 ஜூன் 1க்கு முன் "ஹை குவாலிட்டி" அமைப்பில் ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு ஏற்றியவை சேரும். அதனால் பழைய படங்களைத் தேடித் தேடி அழிப்பதில் பிரயோசனம் இல்லை. அவை அந்த அமைப்பில் ஏறியிருந்தால் ஒரு எம்பிகூட மிஞ்சாது, படம் போனதுதான் மிச்சம்.

2024இலிருந்து அண்ட்ராய்ட் போன்களின் வட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15 ஜீபிக்குள் வந்துவிட்டது. திடீரென்று நிரம்பிய கணக்குகளில் கை வைத்தால் பெரும்பாலும் இதுதான் அகப்படும்: கோயில் திருவிழா வீடியோ, குடும்பக் குழுமத்தில் வந்த காலை வணக்க வீடியோ, எல்லாம் சேர்ந்து பல ஜீபி. வட்ஸ்அப் செட்டிங்ஸில் சட்ஸ், பிறகு சட் பேக்கப் என்று போய் வீடியோக்களைச் சேர்க்கும் பொத்தானை நிறுத்திவிட்டு, அங்கேயே பேக்கப்பை ஒருக்கா ஓடவிடுங்கள். பழைய பெரிய பேக்கப்பின் இடத்தில் சின்னது வந்து உட்காரும். ஆனால் அதற்கு முன் தேவையான வீடியோக்களைப் போனிலிருந்து கொம்பியூட்டருக்குக் கொப்பி எடுங்கள். உள் நினைவகத்தில் அண்ட்ராய்ட், மீடியா, வட்ஸ்அப் என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் போனால் கிடைக்கும். புதிய பேக்கப்பில் அவை இருக்காது.

நிலாவெளி, விடுதிகளுக்கு இணைய வேலை

படம் போவதைவிடக் காசு போகும் வழி ஒன்று இருக்கிறது, அது ஜிமெயில். 15 ஜீபி தாண்டியதும் அந்தக் கணக்கிலிருந்து மெயில் போகாது, கணக்குக்கு மெயில் வராது. அனுப்பியவருக்குத்தான் பெட்டி நிரம்பியதாகத் திரும்பிப் போகும். விடுதிக்காரர் இன்பொக்ஸைப் பார்த்துவிட்டு "இந்த முறை புக்கிங் குறைவு" என்று நினைத்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் சீசன். அதில் இரண்டு கிழமை இப்படி அடைபட்டால் வருடக் கணக்கே மாறும்.

விடுதிக் கணக்குகளை நிரப்புவது விருந்தினர் அனுப்பும் பாஸ்போட் ஸ்கான்களும், யாரோ அனுப்பிய ட்ரோன் வீடியோக்களும். கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள வடிகட்டிக் குறியை அழுத்துங்கள். அளவு என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடினால் பெரியவை மட்டும் வரும். தேவையானதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். அழித்ததும் இடம் வராது. ட்ராஷில் 30 நாள் கிடக்கும், கிடக்கும்வரை கணக்கில் சேரும். "எம்ப்டி ட்ராஷ்" கொடுத்த பிறகுதான் நிரம்பிய அளவைக் காட்டும் கோடு கீழே இறங்கும், அதுவும் உடனே காட்டாமல் சில நேரம் ஒரு நாள் இழுக்கும். அதற்குள் பதறி இன்னும் அழிக்காதீர்கள்.

டிரைவிலும் அதே. கொம்பியூட்டரில் இடப்பக்கம் உள்ள "ஸ்டோரேஜ்" என்ற சொல்லை அழுத்தினால் பெரிய பைலிலிருந்து சின்னது வரை வரிசையாக வரும். பலர் தவறவிடும் மூலை ஒன்று உண்டு. டிரைவின் செட்டிங்ஸில் "மனேஜ் அப்ஸ்" பட்டியலில் சில செயலிகள் மறைத்து வைத்திருக்கும் தரவு இருக்கும். வேறெங்கும் கண்ணில் படாது, இடம் மட்டும் பிடிக்கும். அங்கேயே அழிக்கலாம். எந்தச் செயலியின் தரவு என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

வியாபாரக் கணக்குக்கு இவ்வளவு மினக்கெடாமல் 100 ஜீபி திட்டத்தை வாங்குவதுதான் புத்தி என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும், கார்டு மாறும்போது புதிய இலக்கத்தைப் போட வேண்டும். காசு வெட்டுப்படாமல் திட்டம் நின்றால் எல்லை மறுபடி 15 ஜீபிக்கு வரும். 60 ஜீபி உள்ளே இருந்தால் அன்றிலிருந்து மெயிலும் நிற்கும்.

கிண்ணியா, கொம்யூனிகேஷன் கடை

நிலாவெளித் தம்பி சொன்ன ட்ராஷ் விசயம் போட்டோஸில் வேறு மாதிரி. பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும். அதற்குள் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம், தாண்டினால் இல்லை. ட்ராஷையும் சேர்த்துக் காலி செய்துவிட்டு வருகிறவர்களுக்கு எதுவும் செய்ய இயலாது. "ரிக்கவரி" என்று காசு கேட்கும் செயலிகள் போனின் உள் நினைவகத்தைத்தான் துழாவும். கூகுளின் சேவருக்குள் அவற்றுக்கு வழியில்லை.

ஆட்கள் விழும் குழி இதுதான்: போனில் இடம் வேணும் என்று போட்டோஸ் செயலிக்குள் போய்ப் படங்களைத் தெரிவு செய்து அழிப்பார்கள், "மேலே ஒரு கொப்பி இருக்கும்" என்ற நம்பிக்கையில். அங்கே அழித்தால் போனிலும் போகும், மேலேயும் போகும், அதே கணக்கு திறந்திருக்கும் டப்பிலும் (டப்லெட்) போகும். போனை மட்டும் காலி செய்யும் பொத்தான் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்". அது ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் போன் கொப்பியை மட்டுமே எடுக்கும். அதை அழுத்திய பிறகு கணக்கைப் பறிகொடுத்தால் வேறெங்கும் கொப்பி இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மட்டிக்களி, படப்பிடிப்பு ஸ்டூடியோ

கிண்ணியா நானா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். படங்களை ஒரிஜினல் தரத்தில் ஏற்றியவர்களுக்கு, கொம்பியூட்டரில் கூகுள் போட்டோஸ் செட்டிங்ஸில் "ரிக்கவர் ஸ்டோரேஜ்" என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்டோரேஜ் சேவர் தரத்துக்கு இறக்கும்: படம் 16 மெகாபிக்சலுக்கு மேலிருந்தால் 16க்கு, வீடியோ 1080க்கு. வீட்டுப் படத்துக்கு இது போதும். இறங்கிய தரத்தைத் திருப்பி உயர்த்த முடியாது, அதனால் அல்பம் அடிக்கிற படங்கள் உள்ள கணக்கில் இதை அழுத்தாதீர்கள்.

கல்யாண வீட்டுக்காரர் பலருக்கு ஸ்டூடியோக்கள் டிரைவ் லிங்க் ஒன்றைக் கொடுக்கின்றன. அந்த ஃபோல்டர் ஸ்டூடியோவின் கணக்கில்தான் இடம் பிடிக்கும், உங்கள் 15 ஜீபியில் ஒன்றும் குறையாது. சந்தோசப்படுவார்கள். ஸ்டூடியோ இடம் காலியாக்கிய அன்று லிங்க் செத்துவிடும். "எட் ஷோட்கட்" என்று உங்கள் டிரைவில் வைத்ததும் கொப்பி இல்லை, வழிகாட்டிப் பலகை மாதிரித்தான். தனிப் பைலுக்கு "மேக் எ கொப்பி" வேலை செய்யும், முழு ஃபோல்டருக்கு அந்தத் தெரிவு வராது. ஆகவே இறக்குங்கள்.

40 ஜீபியை ஒரே மூச்சில் இறக்கப் பார்த்தால் டிரைவ் அதைப் பல ஸிப்களாக உடைத்துத் தரும், அதில் ஒன்று இடையில் அறுந்தாலும் எந்தப் படம் விடுபட்டது என்று தெரியாது. சடங்கு வாரியாக, தாலிகட்டு, வரவேற்பு என்று உள் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கியதும் பைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 5 மெகாபிட் வரும் இணைப்பில் 10 ஜீபிக்கு ஏறத்தாழ நாலரை மணித்தியாலம். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு வைப்பது நல்லது.

இறக்கியதை ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்து அலுமாரிக்குள் போடவும் வேண்டாம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று யூஎஸ்பி முனையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு வைத்து, சில மாதத்துக்கு ஒருக்கா கொழுவிப் பார்க்க வேண்டும்.

தம்பலகாமம், பாடசாலைக் கணினிக்கூடம்

கூகுளைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள். லப்டொப்புகளில் வரும் பிரச்சினை வன்டிரைவ் (OneDrive), அதாவது மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு.

புது லப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்கைப் போட்டு விண்டோஸை அமைத்தால் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பெரும்பாலும் வன்டிரைவுக்குள் போய்விடும். இலவச இடம் 5 ஜீபிதான். வினாத்தாள், பாடத்திட்டம், பாடசாலை விழா வீடியோ என்று கெதியாக நிரம்பும். சிவப்புக் குறி வந்ததும் ஆசிரியர்கள் "ஸ்டொப் பேக்கப்" கொடுக்கிறார்கள். அந்தக் கணமே டெஸ்க்டொப் வெறுமையாகிவிட, அழாத குறை. பைல் போகவில்லை. பைல் எக்ஸ்புளோரரில் இடப்பக்கம் உள்ள வன்டிரைவைத் திறந்தால் அதற்குள் டெஸ்க்டொப் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதில் அப்படியே கிடக்கும்.

அங்கிருந்து பழைய இடத்துக்கு இழுக்கும் முன் ஐகன்களைப் பாருங்கள். முகில் குறி இருந்தால் அந்தப் பைலின் பெயர் மட்டும்தான் லப்டொப்பில் இருக்கிறது, உள்ளடக்கம் மேலே. இணையம் இல்லாமல் பென் டிரைவுக்குக் கொப்பி எடுக்கப் போனால் பிழை காட்டும். வைஃபையில் இருக்கும்போது ஃபோல்டரை வலது கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்" கொடுத்து, எல்லாம் பச்சைக் குறி ஆகும்வரை பொறுத்திருந்து, பிறகு நகர்த்துங்கள். எல்லை தாண்டிய வன்டிரைவில் பார்க்கலாம், இறக்கலாம், புதிதாக ஏற்ற முடியாது. 6 மாதம் அப்படியே விட்டால் அழிக்கும் உரிமை மைக்ரோசொஃப்டுக்கு உண்டு. கூகுள் இதற்குத் தருவது 2 வருடம்.

உவர்மலை, கணக்கு மீட்கும் வேலை

தம்பலகாமம் டீச்சர் சொன்ன 2 வருடத்தில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்கிறார்கள். எல்லைக்கு மேல் 2 வருடம் தொடர்ந்து இருந்தால் உள்ளடக்கம் அழிக்கப்படலாம். அது ஒன்று. 2 வருடம் கணக்கையே பாவிக்காவிட்டால் கணக்கோடு சேர்த்து அழிக்கப்படலாம் என்பது மற்றது. இது 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டு, அந்த வருடம் டிசெம்பரிலிருந்து நடைமுறையில். காலமான அப்பாவின் போனை லாச்சிக்குள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கணக்கில் உள்நுழைந்து ஒரு மெயிலைத் திறந்தாலே போதும், தவணை புதிதாகத் தொடங்கும். உயிரோடு இருக்கும்போதே "இன்அக்டிவ் அக்கவுன்ட் மனேஜர்" என்ற பக்கத்தில் 10 பேர் வரை நியமித்துவிடலாம். பெரியவர்களிடம் இதைக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், அது தேவையில்லாத கூச்சம்.

மீட்கவே முடியாமல் போகும் கேஸ்களில் இடப்பிரச்சினை இருப்பதில்லை. சிம்தான். வெளிநாடு போகிறவர் இங்குள்ள முற்கொடுப்பனவு சிம்மை ரீலோட் பண்ணாமல் விடுவார், அது செயலிழக்கும், பிறகு அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படலாம். கனடாவில் புது போனில் உள்நுழையும்போது குறியீட்டு எண் அந்தப் பழைய இலக்கத்துக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். போவதற்கு முன் செய்ய வேண்டியது: கூகுள் கணக்கின் செக்கியூரிட்டி பக்கத்தில் "பேக்கப் கோட்ஸ்" எடுத்துத் தாளில் அச்சிடுங்கள். 10 எண்கள் வரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். காணி உறுதி வைக்கும் உறையிலேயே வையுங்கள். அந்தத் தாளைப் படமெடுத்து அதே கூகுளில் ஏற்றி வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள், பூட்டுக்குள் திறப்பை வைத்த கணக்கு.

ஏற்கெனவே பூட்டுப்பட்டிருந்தால், மீட்கும் முயற்சியை முன்பு அந்தக் கணக்கு ஓடிய போனிலோ லப்டொப்பிலோ, முன்பு பாவித்த வைஃபையிலேயே செய்யுங்கள். கூகுள் அதைக் கணக்கில் எடுக்கும். டொரொன்டோவில் இருந்து முயல்வதைவிட, திருகோணமலை வீட்டில் உள்ள பழைய டப்பில் தங்கச்சியை முயலச் சொல்வது பலித்திருக்கிறது. வட்ஸ்அப் பேக்கப்பை என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷனில் (சாவி உள்ளவர் மட்டும் திறக்கும் பூட்டு) வைத்தவர்களுக்கு இந்த வழி இல்லை. பாஸ்வேர்ட் அல்லது 64 இலக்கச் சாவி தொலைந்தால் வட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. மெகா என்ற இணையச் சேமிப்பும் அப்படித்தான், ரிக்கவரி கீ கையில் இருக்க வேண்டும்.

ஐபோன்காரர்களுக்கு: ஐக்ளவுட்டில் 5 ஜீபி. பேக்கப்பை நிறுத்தினால் பழைய பேக்கப் 180 நாள்தான் நிற்கும்.

செல்வநாயகபுரம், பல்கலைக்கழக மாணவி

உவர்மலை அண்ணா, பல்கலைக்கழக மெயிலில் ஆய்வறிக்கையை வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி? படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை நிறுத்துவார்களாம். பைலின் உரிமையை எனது சொந்த ஜிமெயிலுக்கு மாற்றப் பார்த்தால் அனுமதிக்கவில்லை.

உவர்மலை, கணக்கு மீட்கும் வேலை

அனுமதிக்காது தங்கச்சி. நிறுவனக் கணக்கிலிருந்து வெளிக் கணக்குக்கு உரிமை மாற்ற முடியாது. கணக்கில் உள்ளதை மொத்தமாக எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் "ட்ரான்ஸ்ஃபர் யுவர் கொன்டென்ட்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. சொந்த ஜிமெயிலைக் கொடுத்தால் டிரைவையும் மெயிலையும் அங்கே கொப்பி எடுக்கும். போட்டோஸ் அதில் வராது. நிர்வாகி அதை மூடி வைத்திருந்தால் சாதாரண டேக்அவுட். அப்போது ஸிப்பின் அளவாக 2 ஜீபியைத் தெரிவு செய்யுங்கள். 4 ஜீபிக்கு மேற்பட்ட பைலை ஃபட்32 (FAT32) முறையில் ஃபோமட் செய்த பென் டிரைவ் ஏற்காது, அதோடு ஒன்று அறுந்தாலும் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்கலாம். லிங்க் ஒரு கிழமைதான் உயிரோடு இருக்கும், ஆகவே இணைப்பு நன்றாக உள்ள நாளில் கேளுங்கள். படங்களையும் எடுத்தால் ஒவ்வொன்றோடும் ஜேசன் என்று சின்னப் பைல் ஒன்று வரும், போட்டோஸில் நீங்கள் திருத்திய திகதி, விளக்கம் எல்லாம் அதற்குள் இருக்கும். குப்பை என்று அழிக்க வேண்டாம்.

கூகுள் ஃபோமில் கேள்விக்கொத்து செய்திருந்தால் பதில்களை முதலில் ஷீட்டாக்கி, எக்ஸலாகத் தனியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.