அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி: மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடலாம்?

வினா (தண்டையார்பேட்டை)

எனக்கு வயது 38. கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்தால் மறுநாள் தெளிந்துவிடும். கடந்த ஓராண்டாக வாரத்தில் நான்கைந்து நாள்கள் காலையில் எழும்போதே தலை கனக்கிறது. தெருமுனை மருந்துக்கடையில் எர்கோட்டமைன், கஃபீன், பாராசிட்டமால் கலந்த மாத்திரையைச் சீட்டு கேட்காமலே அட்டையாகத் தருகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெயிலில் வேலைக்குப் போகவேண்டியிருப்பதால், வலி தொடங்கும் முன்பே ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புவது வழக்கமாகிவிட்டது. ராயபுரத்தில் இருக்கும் என் நாத்தனார், தமக்கு மருத்துவர் எழுதித் தந்த புரோப்ரனலால் நன்றாகக் கேட்கிறது, நீயும் வாங்கிப் போடு என்கிறார். எனக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. போடலாமா?

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை, மருந்தாளுநர்)

சகோதரி, புரோப்ரனலால் வேண்டவே வேண்டாம். ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கு அது நல்ல மருந்துதான். ஆனால் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையதாதலால், வீசிங் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஐபுபுரோஃபென், நாப்ராக்சன் போன்ற வலிமாத்திரைகளும் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பும் என்பதால், அவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இப்போது நீங்கள் போடும் மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எர்கோட்டமைன், ட்ரிப்டான் வகை (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்துகள்), கலப்பு வலிமாத்திரை ஆகியவற்றை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமாலை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு அதிகமாகத் தொடர்ந்து எடுத்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கே கணக்கு. காலையில் எழும்போதே வலி, வாரத்தில் பாதி நாளுக்கு மேல் மாத்திரை என்று நீங்கள் சொல்வதெல்லாம் அதைத்தான் காட்டுவதாகத் தோன்றுகிறது.

எர்கோட்டமைன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனுடன் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால், கைகால்களுக்கு இரத்தம் போகாத நிலைகூட வரலாம். ட்ரிப்டான் வகையைச் சேர்ந்த சுமாட்ரிப்டானை எர்கோட்டமைனுடன் சேர்க்கவே கூடாது. ஒன்றைப் போட்டு 24 மணி நேரம் கழியாமல் மற்றொன்றைத் தொடக்கூடாது. தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: சீட்டில்லாமல் அட்டையாக விற்கவேண்டிய சரக்கு இது அல்ல.

பதில் (பெரம்பூர்)

மேலே எழுதியவர் சொன்னது சரி. ஆனால் மாத்திரையை நிறுத்தியவுடன் வலி குறையாது, முதலில் கூடும் என்பதை அவர் குறிப்பிடவில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் பத்து நாள்கள்வரை தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் படுத்தும். இது தெரியாமல்தான் பலர் மூன்றாம் நாளே மறுபடி அட்டையைப் பிரிக்கிறார்கள். எனவே மருத்துவரிடம் பேசி, விடுப்புக்கு வழி பார்த்துக்கொண்டு நிறுத்துங்கள். டிரமடால் போன்ற வலுவான வலிமருந்துகளையும் எடுப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

எனக்குத் தடுப்பு மருந்தாக இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். வாய் உலர்ந்தது, காலையில் மந்தமாக இருந்தது. பலன் தெரிய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு வாரத்தில் கேட்கவில்லை என்று விட்டுவிட முடியாது. டோபிரமேட், வால்புரோயேட் என்று எழுதினால், கருத்தரிக்க வாய்ப்பிருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது, வலி வந்த நாள், போட்ட மாத்திரை, மாதவிடாய் நாள் மூன்றையும் ஒரு நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்கவேண்டும். வலி வருமுன் கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் அரைமணி நேரம் தெரிவதுண்டு. மாதவிடாய் ஒழுங்கின்மைக்காக ஹார்மோன் மாத்திரையும் எடுக்கிறேன். இதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லத் தேவை உண்டா?

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை, மருந்தாளுநர்)

கட்டாயம் சொல்லவேண்டும், அதையே முதலில் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கண் அறிகுறியோடு ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது. ஆகவே பொதுவாக அதைத் தவிர்க்கவே சொல்வார்கள். உங்கள் அட்டையின் பின்புறத்தில் எத்தினைல் ஈஸ்ட்ராடயால் (இது ஈஸ்ட்ரோஜன்தான்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நரம்பியல் தேதிக்குக் காத்திராமல், அதை எழுதிக்கொடுத்த மகப்பேறு மருத்துவரை நாளையே பார்த்து மாற்று கேளுங்கள். இதற்கிடையில், நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் தலைவலியோ, காய்ச்சலோடு கழுத்து இறுக்கமோ, ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவையோ புதிதாக வந்தால், வழக்கமான வலி என்று எண்ணி மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.