தெருப் பூனைக்குட்டியும் ஆஸ்பத்திரிச் செலவும்: கொங்குப் பக்கத்து அனுபவப் பகிர்வு

சிங்காநல்லூர், கோவை

தாய் இல்லாத குட்டிகளை வீட்டுல வெச்சுத் தேத்தி, நல்ல கையில ஒப்படைக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதானுங்க: டாக்டர் செலவை எப்படிச் சமாளிக்கறது? அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. சொந்தக் கதை வேண்டாம். அளவு, மருந்து, எது எதனால கெடுதுங்கறது, அவ்வளவு போதும். முதல்ல நானே ஆரம்பிக்கறேன்.

டாக்டர் ஃபீஸ் பெரிய செலவே இல்லைங்க. நாலு குட்டியையும் ஒரே கூடையில போட்டுக் கொண்டுபோனா, ஒரு ஃபீஸ்ல நாலையும் பாத்துத் தர்றவங்க இங்க நிறையப் பேர் இருக்காங்க. போகறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுக்கணும், அவ்வளவுதான். பணம் கரையறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, நாள் கடத்திட்டு ராத்திரி பத்து மணிக்குத் தூக்கிட்டு ஓடறப்ப. இன்னொண்ணு, ஒரு குட்டிக்கு வந்த நோவு நாலுக்கும் பரவறப்ப.

முதல் பிரச்சினைக்கு மருந்து ஒரு தராசு. ஒரு கிராம் வரைக்கும் காட்டற சமையலறை டிஜிட்டல் தராசு முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அது மேல ஒரு போசியை வெச்சு, கணக்கைச் சைபராக்கிட்டு, குட்டியை உள்ள விடுங்க. தினமும் காலையில, பால் குடுக்கறதுக்கு முன்னாடி. பிறந்த குட்டி 90-லிருந்து 110 கிராம் இருக்கும். அதுக்கப்புறம் நாளைக்கு 10-லிருந்து 15 கிராம் ஏறணும். ஒரு நாள் ஏறாம நின்னா கண்ணு வெச்சுக்கோணும். எடை இறங்குச்சுன்னா அன்னைக்குக் காலையிலயே கிளம்பிரோணும். குட்டி சுணங்கிப் படுக்கறதுக்கு முன்னாடியே எடை சொல்லிரும். அந்த ஒரு நாள் முன்கூட்டித் தெரியறதுலதான் மாத்திரையோட முடியறதும், டிரிப் ஏத்தி ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறதும் பிரியுது.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, எடை, குடிச்ச பால் எத்தனை மில்லி, வெளிக்கிப் போனது கெட்டியா தண்ணியா, குடுத்த மருந்து. அதைக் காட்டுனா டாக்டர் குருட்டாம்போக்குல டெஸ்ட் எழுத வேண்டியதில்லை.

ரெண்டாவதுக்கு, புதுசா வந்த குட்டிகளைப் பதினாலு நாள் தனி ரூம்ல வைங்க. பாத்ரூம் கூடப் போதும். தனித் தட்டு, தனித் துணி, அந்த ரூமுக்குன்னு ஒரு செருப்பு. வீட்டுப் பூனையை முதல்ல கவனிச்சுட்டுக் கடைசியாத்தான் இவங்ககிட்டப் போகணும்.

கோபிசெட்டிபாளையம்

பால் விஷயத்தை முதல்ல பேசுங்க அக்கா, பாதி வைத்தியச் செலவு அங்கதான் ஆரம்பிக்குது. பசும்பாலும் எருமைப்பாலும் குட்டி வயித்துக்கு ஆகாது. லாக்டோஸ் அதிகம், பூனைப்பால்ல இருக்கற அளவு புரதம் இல்லை. கழிச்சல் பிடிக்கும், நீர் வத்தும், அப்புறம் ஊசிதான். பூனைக்குட்டிக்குன்னு வர்ற பால்பவுடர் விலை கூடத்தான், ஆனா அந்தக் கழிச்சலுக்கு ஆகற செலவைப் பாத்தா இது ஒண்ணுமில்லை.

அளவு: ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல வேண்டாம், வயிறு அவ்வளவுதான் பிடிக்கும். ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு 18-லிருந்து 20 மில்லி. முதல் வாரம் ரெண்டு, மூணு மணிக்கொருக்கா, மூணாவது வாரம் நாலஞ்சு மணிக்கொருக்கா. தாய் மடியில குடிக்கற மாதிரி வயிறு கீழ இருக்கத்தான் குடுக்கணும். மல்லாக்கப் போட்டுக் குழந்தைக்குக் குடுக்கற மாதிரி குடுத்தா பால் மூச்சுக்குழாய்ல இறங்கி நிமோனியா ஆயிரும். குட்டி வளக்கறதுல இதைவிட அநியாயச் செலவு கிடையாது. பாட்டிலைக் கவுத்தா ஒவ்வொரு சொட்டா விழணும். ஓடுச்சுன்னா நிப்பிள் ஓட்டை பெருசு.

உடம்பு சில்லுன்னு இருக்கற குட்டிக்குப் பால் குடுக்கவே கூடாது. குளிர்ந்த உடம்புல குடல் வேலை செய்யாது, குடிச்சது அப்படியே தங்கிப் புளிக்கும். முதல்ல வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வெச்சு, மெதுவா சூடேத்துங்க. ஈறுல ரெண்டு சொட்டு குளுக்கோஸ் தண்ணி தடவலாம். ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கறப்ப பகல்ல கூட இது தேவைப்படும், மார்கழியைச் சொல்லவே வேண்டாம்.

ஈரோடு

மருந்து வாங்கற விதத்துல நிறைய மிச்சம் பிடிக்கலாம். டாக்டர்கிட்ட கம்பெனிப் பேருக்குப் பதிலா மருந்தோட மூலப்பேரை (ஜெனரிக் பேரை) எழுதித் தரச் சொல்லுங்க. பூனைக்கு எழுதற ஆன்டிபயாடிக், கண் சொட்டு எல்லாம் பெரும்பாலும் மனுஷருக்கு வர்றதுதான். மக்கள் மருந்தகத்துலயும், 2025-ல திறந்த முதல்வர் மருந்தகத்துலயும் அதே மருந்து குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும்.

கண்ணுல பீளை கட்டுன குட்டிக்கு டோப்ராமைசின் சொட்டு எழுதுவாங்க. கடையில அதே பேர்ல, டெக்ஸாமெத்தசோன் சேர்ந்த சொட்டும் இருக்கும். டப்பா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அது ஸ்டீராய்டு. ஹெர்பஸ் வைரஸ்னால கருவிழியில புண்ணு இருக்கற குட்டிக்கு அதை விட்டா புண்ணு ஆழமாகிக் கண்ணே போயிரும். நாப்பது ரூபாய்ச் சொட்டு, கண்ணை எடுக்கற ஆப்பரேஷன்ல போய் நிக்கும். டப்பாவுல சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிக்காமக் காசு குடுக்காதீங்க.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையா குடுத்தா, பின்னாடியே சிரிஞ்சுல ரெண்டு மூணு மில்லி தண்ணியோ கொஞ்சம் சாப்பாடோ உள்ள போகணும். இல்லைன்னா உணவுக்குழாய்ல ஒட்டிப் புண்ணாகிச் சுருங்கிரும்.

குடல்புழுப் பூச்சி மருந்துக்கு வர்றேன். டாக்டர் பைரன்டல் சிரப் எழுதுவாங்க. 5 மில்லியில 250 மில்லிகிராம்னா, ஒரு மில்லிக்கு 50. கிலோவுக்கு 10 மில்லிகிராம்னு சொன்னா, 400 கிராம் குட்டிக்கு 4 மில்லிகிராம், அதாவது 0.08 மில்லி. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுக் கணக்கு. இதை ஸ்பூன்ல எல்லாம் அளக்க முடியாது, ஊசியைக் கழட்டுன ஒரு மில்லி சிரிஞ்சு வேணும். இங்க ஒரு பொறி இருக்குதுங்க. இன்சுலின் சிரிஞ்சுல யூ-40, யூ-100னு ரெண்டு ரகம்: ஒரு மில்லியை 40 யூனிட்டாப் பிரிச்சது, 100 யூனிட்டாப் பிரிச்சது. யூ-100ல எட்டு யூனிட்டுன்னா 0.08 மில்லி. யூ-40ல அதே எட்டு யூனிட் 0.2 மில்லி, ரெண்டரை மடங்கு. அதனால யூனிட் கணக்கை விட்டுட்டு மில்லியில எழுதி வாங்குங்க. குடல்புழு மருந்து ரெண்டு வார வயசுல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கொருக்கா. ஒவ்வொரு தடவையும் புது எடைக்குப் புதுக் கணக்கு.

காய்ச்சல்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துராதீங்க. பூனைக்கு அது விஷம், கால் மாத்திரையே குட்டியைக் கொன்னுரும். தெள்ளுக்கு நாய்க்கு வாங்குன பெர்மெத்ரின் பவுடரும் அப்படித்தான். குட்டி மேல தெள்ளு நிறைய இருந்தா, ஈறு வெளுத்திருக்குதான்னு பாருங்க. வெளுத்திருந்தா ரத்தசோகை வந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் விளக்கற சோப்பு ஒரு துளி விட்டுக் குளிப்பாட்டி, தெள்ளுச்சீப்புல வாரி, உடனே துவட்டி உலர்த்துனா முக்கால்வாசி தெள்ளு போயிரும். கழுத்துல முதல்ல நுரை போடுங்க, இல்லைன்னா அத்தனையும் மூஞ்சிக்கு ஏறிக்கும்.

பொள்ளாச்சி

நம்ம ஊர்ல காசு குடுத்துப் பூனை மண்ணு வாங்கறது எதுக்குங்க? தேங்காய்மஞ்சிக் கழிவு மில்லுல மூட்டையா கிடைக்குது. வெயில்ல நல்லா காயவெச்சு, தூசு போகச் சலிச்சு, தட்டுல ரெண்டு விரக்கடை போடுங்க. சலிக்காமப் போட்டா தூசு மூக்குல ஏறித் தும்மல் வரும், அதைச் சளின்னு நெனச்சு டாக்டர்கிட்ட ஓடுவீங்க. கட்டியாகற ரகக் கடை மண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குட்டிக்கு வேண்டவே வேண்டாம். வாயில போட்டு முழுங்கும், குடல்ல இறுகிக்கும்.

கழிச்சல் வந்தா நாலு குட்டிக்கும் தனித்தனியா டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. ஒரே ரூம்ல இருக்கறதுனால, நாலும் வெளிக்கிப் போனதுலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து ஒரே சாம்பிளாக் குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. காக்சிடியாங்கற குடல் ஒட்டுண்ணியோ புழு முட்டையோ இருந்தா எப்படியும் எல்லாத்துக்கும்தான் மருந்து. மூடி போட்ட டப்பாவுல, அன்னைக்குக் காலையில போனதா இருக்கணும். நேத்து காஞ்சதைக் கொண்டுபோனா ஒண்ணும் தெரியாது.

நாலு வாரம் தாண்டுனா வேகவெச்ச கோழியை மசிச்சுப் பாலோட பழக்குங்க. உப்பு, வெங்காயம், பூண்டு கிட்டவே வரக்கூடாது. பல்லடம் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கோழிக்கா பஞ்சம்! ஆனா கடையில சும்மா தர்ற பச்சைக் கழிவைப் போடாதீங்க, சால்மொனெல்லாக் கிருமி வந்தா சும்மா வந்த கறி கிலோ ஆயிரம் ரூபாய்க் கணக்குல முடியும்.

திருப்பூர்

ஒரு சந்தேகமுங்க. ரெண்டு மாசக் குட்டி, நேத்து ராத்திரியிலிருந்து வாந்தி, தண்ணிப் போசிக்கு முன்னாடி தலையைத் தொங்கவிட்டு உக்காந்திருக்கு, குடிக்க மாட்டேங்குது. காலை வரைக்கும் பாக்கலாமா?

நாமக்கல்

பாக்காதீங்க, இப்பவே கிளம்புங்க. தண்ணிகிட்ட உக்காந்துட்டுக் குடிக்காம இருக்கறது பார்வோ வைரஸ் வகையில வர்ற பூனைக் கழிச்சல் நோயா இருக்கலாம், பேன்லூக்கோபீனியான்னு எழுதுவாங்க. நாய்க்கு வெச்சிருக்கற பார்வோ கிட்லயே பூனைக் கழிச்சலையும் பாக்கலாம், ஆசனவாய்ல பஞ்சுக்குச்சி விட்டுப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும். ஒண்ணே ஒண்ணு, சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தா கிட்ல மங்கலா ஒரு கோடு விழலாம், அதை டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. மத்தக் குட்டிகளைத் தனியாப் பிரிச்சிருங்க.

எது காத்திருக்கும், எது காத்திருக்காதுங்கறதை எல்லாருமே செவுத்துல எழுதி ஒட்டிக்கலாம். வாயைத் திறந்து மூச்சு விடறது, ஈறு வெளுத்தது, உடம்பு குளிர்ந்தது, வாந்தியோட சாப்பிடாதது, ஒண்ணுக்குப் போகாதது: இதெல்லாம் அந்த நிமிஷமே. தும்மிட்டே நல்லாச் சாப்பிடறது, கொஞ்சம் இளகிப் போனாலும் துள்ளி விளையாடறது, காதுல கறுப்பு அழுக்கு: இதெல்லாம் காலையில அரசு கால்நடை மருத்துவமனை திறக்கற வரைக்கும் பொறுக்கும். இங்க 1985-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குதுங்க, அந்த ஆஸ்பத்திரியில ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தனியாரைவிடக் கம்மி. உடுமலைப்பேட்டையிலயும் கல்லூரி வந்திருச்சு. பஸ் செலவு போட்டாலும் லாபம், ஆனா அவசரத்துக்கு இல்லை, நாள்பட்ட வியாதிக்கு.

அந்தப் பூனைக் கழிச்சல் நோய் வந்த ரூமைக் கழுவறதுல நிறையப் பேர் காசை வீணாக்கறாங்க. பினாயிலும் டெட்டாலும் அந்த வைரஸை ஒண்ணும் பண்ணாது, பூனைக்குத்தான் கெடுதல். துணி வெளுக்கற ஹைப்போகுளோரைட் திரவம் 5 சதவீத ரகம், ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி. முதல்ல அழுக்கைச் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவணும், அழுக்கு மேல ஊத்துனா வேலை செய்யாது. பத்து நிமிஷம் ஈரமா இருக்கட்டும், அப்புறம் நல்ல தண்ணி விட்டு அலசிக் காயவிடுங்க. அன்னன்னைக்குப் புதுசாக் கலக்கணும். ஆசிட்டோட கலந்துறாதீங்க, விஷ வாயு வரும். துணி, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் எரிச்சிருங்க. அந்த வைரஸ் வீட்டுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால அந்த ரூம்ல அடுத்து வர்றது தடுப்பூசி போட்ட பூனையா இருக்கட்டும்.

சிங்காநல்லூர், கோவை

தடுப்பூசிக் கணக்கையும் சொல்லிடறேன். மூணு வைரஸ் நோய்க்குச் சேத்துப் போடற முத்தடுப்பு ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துல முதல் தடவை, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கொருக்கா, பதினாறு வாரம் ஆகற வரைக்கும். சின்னக் குட்டிதானேன்னு ஒரு குப்பியை ரெண்டுக்குப் பிரிக்கக் கேக்காதீங்க. இந்த ஊசிக்கு எடைக் கணக்கு கிடையாது, பாதி போட்டா எதிர்ப்பு சக்தி வராமப் போயிரும், அந்தக் காசும் போச்சு. வெறிநோய் ஊசி மூணு மாசத்துல. அதுல பத்து டோஸ் குப்பி வருது, திறந்தா அன்னைக்கே முடிக்கணும். பக்கத்துத் தெருவுல குட்டி வெச்சிருக்கறவங்களோட பேசி எட்டுப் பத்து குட்டியா ஒரே நாள்ல போனா தலைக்கு ஆகறது பாதியாகும். அரசு மருத்துவமனையில பூனை முத்தடுப்பு பெரும்பாலும் இருக்காது, வெளியில வாங்கிட்டுப் போகணும். 2-லிருந்து 8 டிகிரி. பிளாஸ்க்ல ஐஸ் பேக்கைத் துணியில சுத்தி வைங்க, குப்பி ஐஸ்ல நேராப் படக்கூடாது. உறைஞ்சா ஊசி கெட்டுப்போயிரும், பாத்தா தெரியாது.

கழிச்சலோ காய்ச்சலோ இருக்கறப்ப ஊசியைத் தள்ளிப் போடுங்க. கருத்தடைக்கு நாலு மாசம் சரியான சமயம், சில பெண் குட்டி அப்பவே சினைக்கு வந்துரும். ஆப்பரேஷனுக்கு முன்னாடி பெரிய பூனைக்குச் சொல்ற மாதிரி ராத்திரி பூராப் பட்டினி போடாதீங்க. குட்டிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கத்துலிருந்து எழ நேரமாகும். எத்தனை மணி நேரம்னு டாக்டரைக் கேட்டு எழுதி வாங்குங்க, பெரும்பாலும் ரெண்டிலிருந்து நாலு மணி நேரம்தான் சொல்லுவாங்க.

குட்டியைக் கேக்கறவங்ககிட்டத் தடுப்பூசிச் செலவை பில்லோட அப்படியே கேட்டு வாங்குங்க, கூச்சப்பட வேண்டியதில்லை. அந்தச் செலவைக் குடுக்க யோசிக்கறவங்க நாளைக்கு டாக்டர்கிட்டயும் கொண்டுபோக மாட்டாங்க.

திருப்பூர்

கிளம்பிட்டேனுங்க, நன்றி. தூக்கறப்ப கையில ஒரு கீறல் விழுந்திருச்சு, அதுக்கு ஏதாச்சும்?

நாமக்கல்

சோப்புப் போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க, கட்டுப் போடாதீங்க. குட்டியைக் காட்டிட்டுத் திரும்பற வழியில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, வெறிநோய் ஊசி அங்க இலவசம். முதல் ஊசி இன்னைக்கு, இதைச் சைபர் நாளா வெச்சு எண்ணுங்க, அப்புறம் மூணாவது நாள், ஏழாவது நாள், 28-ஆவது நாள். சீட்டைத் தொலைச்சிறாதீங்க.