பேத்திக்கு டூவே வாங்குவதா, நூல் போர்வையே போதுமா?

மண்டபம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது மண்டபத்தில் ஓய்வாக இருக்கிறேன். மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில், லீட்ஸில். வரும் மார்கழியில் மூன்று வாரம் தங்குவதாக வருகிறார்கள். பேத்திக்கு ஆறு வயது. போன தடவை வந்தபோது கைக்குழந்தை, என் மடியிலேயே தூங்கினாள். இந்த முறை அப்படி இல்லை.

மருமகள் போனில் சொன்னாள்: "அத்தை, அவளுக்கு டூவே இல்லாமல் தூக்கம் வராது. மேலே கனமாக ஏதாவது கிடந்தால்தான் கண்ணை மூடுவாள்." டூவே என்றால் என்ன என்று வீடியோவில் காட்டவும் செய்தாள். நம் ஊரில் ரஜாய் என்று விற்கிறார்களே, அந்தச் சாதிதான். உள்ளே பஞ்சு, வெளியே கழற்றக்கூடிய உறை. மேல்விரிப்பு, கம்பளி என்று அடுக்கடுக்காக எதுவும் கிடையாது, அது ஒன்றுதான். காலையில் ஒரு உதறு உதறிப் போட்டால் படுக்கை சரியாகிவிடுகிறது. பேத்தியின் உறையில் மஞ்சள் நட்சத்திரங்கள்.

எங்கள் வீட்டில் போர்வை என்றால் சென்னிமலை நூல் போர்வை நான்கு இருக்கிறது. அப்புறம் என் அம்மாவின் பழைய நூல் சேலை இரண்டை ஒன்றாக வைத்துத் தைத்த ஒன்று. அது எனக்கு. நாற்பது வருஷம் துவைத்துத் துவைத்து அந்த நூலுக்கு வந்திருக்கும் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில்கூட அதைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, பாதத்தை மட்டும் வெளியே விட்டால்தான் எனக்குத் தூக்கம். இந்தக் கரையில் போர்வை குளிருக்கு என்று நான் நினைத்ததே இல்லை. கொசுவுக்கும், ஃபேன் காற்று நேராக நெஞ்சில் அடிக்காமல் இருப்பதற்கும்தான்.

மகன் சொல்கிறான், "ஏசியை 18-இல் வைத்துவிட்டு ஒரு ரஜாய் வாங்கிப் போடும்மா, முடிந்தது." ராமநாதபுரத்தில் ஒரு கடையில் போய்ப் பார்த்தேன். பாலியெஸ்டர் பஞ்சு வைத்தது. கையை உள்ளே விட்டு இரண்டு நிமிஷம் வைத்திருந்தேன், உள்ளங்கை வியர்த்துவிட்டது. வாங்காமல் வந்துவிட்டேன்.

குழந்தை என் வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடக்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் விசைப்படகு:

டீச்சரம்மா, குழந்தை கேட்பது எனக்குப் புரிகிறது. கடலில் இருக்கும் ராத்திரி பனி இறங்கினால் கைலியைத் தலையோடு மூடிக்கொண்டு, அதற்கு மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுத்தான் படுப்போம். தார்ப்பாய் கனம் மேலே இருந்தால் படகு ஆடுவது அவ்வளவாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து மெல்லிய போர்வையில் படுத்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அதனால் நான் ரஜாய் கட்சி. ஏசி போட்டு, ரஜாயைப் போர்த்திப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்காது, அவளும் பிள்ளைகளும் ஓலைப்பாயில் ஜன்னல் பக்கம். குழந்தை விரும்புவதை வாங்கிக் கொடுங்கள், மூன்று வாரம்தானே.

கீழக்கரை ரஹ்மத்துல்லா மகன்:

டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். நான் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவன். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் பட்டது நிறைய, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அங்கே ஒரு ரூமில் ஆறு பேர், மேலும் கீழுமாகக் கட்டில். ஏசி நிற்காது. வெளியே 45 டிகிரி அடிக்கும், உள்ளே பல் கிட்டும். அதனால் எல்லோரிடமும் தடித்த மிங்க் கம்பளி இருக்கும், புலி படமோ ரோஜாப் படமோ போட்டது. முதல் லீவில் ஊருக்கு வரும்போது அப்படி இரண்டை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என்று கட்டி எடுத்து வந்தேன். பெட்டியில் பாதி இடம் அதற்கே போனது. உம்மா தடவித் தடவிப் பார்த்தார்கள். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினார்கள்.

இரண்டே ராத்திரிதான் போர்த்தினார்கள். மூன்றாம் நாள் மடித்து பீரோவில் போய்விட்டது. அடுத்த லீவில் நான் வந்து திறந்தால் அந்துருண்டை வாடையையும் மீறிப் பூஞ்சண வாடை. சரி, துவைத்துவிடலாம் என்று உம்மாவும் ராத்தாவும் கிணற்றடியில் தொட்டியில் ஊறப் போட்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், சோப்பு நுரைக்காது. ஊறிய கம்பளியை ஒருவரால் தூக்க முடியவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம், மாடியில் போட்டோம். அது கார்த்திகை மாதம். மூன்று நாள் கிடந்தது. காய்ந்தது போல இருக்கும், சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் பிசுபிசு என்று ஈரமாக இருக்கும். உம்மா முகம் வாடிவிட்டது. மகன் ஆசையாகக் கொண்டுவந்ததை நாம் பாழாக்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டார்கள்.

காரணத்தைச் சொன்னது என் மாமா. அவர் வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி தண்ணீர் விடுகிறது, உப்பளத்தில் உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடுகிறார்கள். கம்பளியை உப்புத் தண்ணீரில் அலசினால் அந்த உப்பு முழுக்க இழைகளுக்குள்ளே தங்கிவிடுகிறது. பகலில் வெயில் காய வைக்கும், பொழுது சாய்ந்து கடற்காற்று வந்ததும் உப்பு மறுபடி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். எத்தனை நாள் போட்டாலும் இதே கதைதான். மெல்லிய போர்வை என்றால் இரண்டு குடம் காவிரித் தண்ணீரில் கடைசி அலசல் அலசிவிடலாம். கம்பளிக்கும் ரஜாய்க்கும் அத்தனை நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

அதனால் நம் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான், டீச்சர். எது கதகதப்பு, எது மெத்து என்று பார்க்காதீர்கள். காலையில் துவைத்தால் அன்று சாயங்காலத்துக்குள் காய்ந்து கைக்கு வருமா, அதைப் பாருங்கள். வராது என்றால் வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் நிற்கும் தடித்த படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பெருகும். என் தங்கச்சி மகனுக்கு இளைப்பு இருக்கிறது. படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைக்கச் சொன்னார் டாக்டர். ரஜாயை எந்த அண்டாவில் போட்டு வேகவைப்பது?

ஏசியை 18-இல் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதற்கும் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் சொல்கிறது. அறையை உறைய வைத்துவிட்டு ரஜாய்க்குள் புகுந்துகொள்வதை நான் பதினோரு வருஷம் செய்தேன். அங்கே ஏசி எங்கள் கையில் இல்லை. இங்கே ரிமோட் உங்கள் கையில் இருக்கிறது.

தொண்டி நர்ஸ், பர்மிங்ஹாம்:

டீச்சர், நான் இங்கே மருத்துவமனையில் வார்டு நர்ஸ். கீழக்கரை அண்ணன் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அதற்கு இங்கிருந்தே ஒரு சாட்சி உண்டு. எங்கள் வார்டில் டூவே கிடையாது. பருத்தி விரிப்பும், ஓட்டை ஓட்டையாக நெய்த பருத்திக் கம்பளியும்தான். மருத்துவமனைத் துணியை 65 டிகிரியில் 10 நிமிஷமோ 71 டிகிரியில் 3 நிமிஷமோ வைத்துத் துவைக்க வேண்டும் என்பது இங்கே விதி. அதைத் தினம் தினம் தாங்குவது அந்த மாதிரித் துணிதான். குளிர் ஊர் என்றாலும், நாள்தோறும் துவைக்க வேண்டிய இடத்தில் போர்வையும் விரிப்பும்தான் நிற்கின்றன.

இந்த நாட்டுக்கே டூவே புதுசுதான். 1960-களுக்கு முன் இங்கேயும் விரிப்பு, கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி என்றுதான் படுத்தார்கள். என் வயதான நோயாளிகள் பலர் இன்றும் கம்பளியின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடச் சொல்வார்கள். செருகாவிட்டால் தூங்க மாட்டார்கள். பழக்கம்தான் எல்லாம்.

டூவேயின் சூட்டை 'டாக்' என்ற அளவில் சொல்வார்கள். கோடைக்கு 4.5, குளிர்காலத்துக்கு 13.5. இங்கே மார்கழியில் படுக்கையறை 17, 18 டிகிரி இருக்கும். பாம்பன் பக்கம் மார்கழி ராத்திரியிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. நம் ஊர்க் காற்றுக்கு 4.5 டாக்கே அதிகம். உள்ளே அடைபட்ட காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நம் பக்கம் வியர்வை வெளியேற வழி வேண்டும், பிடித்து வைக்க அல்ல.

ஆனால் தங்கச்சிமடம் அண்ணன் சொன்ன கனம், அதை விட்டுவிடாதீர்கள். குழந்தை தேடுவது சூட்டை இல்லை என்று நினைக்கிறேன். கனம், அந்த நட்சத்திரம், அதன் வாசனை. அதனால் மருமகளிடம் டூவேயை அங்கேயே வைத்துவிட்டு உறையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதுவும் துவைக்காமல். டூவே என்றால் உறையைத்தான் வாராவாரம் துவைப்பார்கள், உள்ளே இருப்பது எப்போதாவதுதான் தண்ணீரைப் பார்க்கும். சிங்கிள் உறை 135-க்கு 200 சென்டிமீட்டர். அதற்குள் உங்கள் நூல் போர்வையை வைத்து நான்கு மூலையிலும் ஒரு தையல் பிடித்துவிடுங்கள்.

மண்டபம் டீச்சர்:

தொண்டித் தங்கச்சி, நீ சொன்னதும் டேப்பை எடுத்து அளந்தேன். என் சென்னிமலைப் போர்வை 60-க்கு 90 இஞ்ச். அதாவது 152-க்கு 228. உறையைவிடப் பெரியது, ஆனால் ஓரத்தை மடித்துவிட்டால் உட்காரும். மருமகளிடம் அவர்கள் டூவே எடை கேட்டேன், ஒன்றரைக் கிலோ. என் போர்வையைச் சமையல் தராசில் வைத்தேன், 620 கிராம். இரண்டு வைத்தால் 1240. கொஞ்சம் குறைகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

கீழக்கரைத் தம்பி, உங்கள் உம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் எதையும் பாழாக்கவில்லை. தண்ணீரின் குணம் அது.

மண்டபம் டீச்சர் (தை மாதம்):

பிள்ளைகள் நேற்றுக் கிளம்பிப் போய்விட்டார்கள். நீங்கள் இவ்வளவு எழுதினீர்கள், என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இருப்பது முறையில்லை.

மகன் முதல் ராத்திரி ஏசியை 18-இல் வைத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு கரண்ட் போனது. அறை புழுங்கியதும் அவனே எழுந்து ஜன்னலைத் திறந்தான். அடுத்த நாளிலிருந்து 26-இல் வைத்து ஃபேனும் போட்டோம்.

நட்சத்திர உறைக்குள் இரண்டு போர்வை வைத்துத் தைத்திருந்தேன். எடை குறைந்ததால் பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துக் காலடியில் போட்டேன். முழுசாகப் போர்த்தினால் அது குத்தும், காலில் மட்டும் என்றால் அவளுக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு ராத்திரி அடிக்கடி எழுந்தாள். அது போர்வையால் அல்ல, அந்த ஊர் நேரம் இந்த ஊர் நேரம் சேராததால். மூன்றாம் ராத்திரி நன்றாகத் தூங்கினாள். ஒரு வாரம் கழித்து ஜமுக்காளத்தை எடுத்துவிட்டேன், கேட்கவில்லை. இன்னொரு வாரத்தில் உறைக்குள்ளிருந்து ஒரு போர்வையை உருவிவிட்டேன். அதையும் கேட்கவில்லை.

வாரம் ஒரு நாள் தையலைப் பிரித்து உறையையும் போர்வையையும் தனித்தனியாகத் துவைத்தேன். கடைசி அலசல் நல்ல தண்ணீரில். பத்து மணிக்குக் கொடியில் போட்டால் மூன்று மணிக்கு எடுத்துவிடலாம், அன்று மேகமாக இருந்தும்.

கடைசி வாரம் ஒரு மத்தியானம் என் சேலைப் போர்வைக்குள் வந்து படுத்துக்கொண்டாள். "பாட்டி, இது ஏன் இவ்வளவு ஸாஃப்ட்?" என்றாள். இது என் அம்மா கட்டிய சேலை என்று சொன்னேன். எந்தப் பக்கம் முந்தானை என்று கேட்டாள். காட்டினேன். அந்தப் பக்கத்தைத் தலைமாட்டுக்கு வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

உறையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அடுத்த தடவைக்கு. துவைத்துக் காய வைத்துவிட்டேன். ஒரு பட்டன் அறுந்திருக்கிறது, தைத்து வைக்க வேண்டும்.